கடிக்காத ஷூ

பாதத்துக்கு மனிதர்களின் முகம் மனசில் தங்காது. பாதம் என்பது என் பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரு வைத்த பேர், ஷூ தைக்கிறவர். பத்து வருஷமாக வாடிக்கையாய் வருகிறவர் எதிரே நின்று பல்லைக் காட்டினாலும் யாரென்று திணறுவார். குனிந்து ஒரு தரம் காலைப் பார்த்துவிட்டாரானால், "அடடே, இடது குதிகால் தேயுமே, நீங்களா! வாங்க வாங்க" என்பார். சொந்தச் சித்தப்பாவையே ஒருமுறை பஸ் நிலையத்தில் காலை வைத்துத்தான் கண்டுபிடித்தாராம். இதை அவரே பெருமையாகச் சொல்வார்.

எனக்குப் பூட்டு, சாவி வேலை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நான் அரத்தால் சாவி ராவினால் அவருக்குப் பல் கூசும். அவர் பசை டப்பாவைத் திறந்தால் எனக்குத் தலை கிறுகிறுக்கும். பத்தொன்பது வருஷமாக இப்படி ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு கிடக்கிறோம். நான் அவருக்குப் பூட்டு, அவர் எனக்குப் பாதம்.

அவர் மனைவி பெரிய ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். நிற்கிறவள் என்று சும்மா சொல்லவில்லை. காலை பத்து மணிக்கு ஏறினால் இரவு எட்டரை வரைக்கும் நிற்க வேண்டும். சாப்பிட அரைமணி நேரம் தவிர அங்கே பெண்கள் உட்கார ஒரு முக்காலி கிடையாது. உட்கார்ந்திருக்கிற பெண் எடுத்துக் காட்டினால் துணி பழசாகத் தெரியும் என்று முதலாளிக்கு ஒரு நினைப்பு. மேலே நீலச் சட்டை, காலில் மூடின கறுப்பு ஷூ, இது சட்டம். சாயங்காலமானால் மற்றப் பெண்கள் குதிகாலில் பிளாஸ்திரியும் விரலில் கொப்புளமுமாக நொண்டுவார்கள். இவள் மட்டும் காலையில் போன நடையிலேயே திரும்பி வருவாள். "உனக்கென்னக்கா, வீட்டுல காலைப் பிடிக்க ஆள் இருக்கு" என்று கேலி செய்வார்களாம். வந்து சொல்லிச் சிரிப்பாள். பாதம் தலை நிமிராமல் ஊசியை இழுப்பார். காது மட்டும் சிவந்திருக்கும்.

அவர் தொழிலில் கட்டை என்று ஒன்று உண்டு. கால் வடிவத்தில் செதுக்கின மரம். ஈரத் தோலை அதன் மேல் இழுத்து ஆணியடித்துக் காயவைத்தால், தோல் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். கட்டையில் எங்கே மேடு இருக்கிறதோ, ஷூவில் அங்கே இடம் கிடைக்கும். யாருக்காவது கால் ஆணியோ புடைப்போ இருந்தால், கட்டையில் அதே இடத்தில் ஒரு தோல் துண்டை ஒட்டிவிடுவார். ஷூ அந்த இடத்தைத் தொடாது. ஊருக்கெல்லாம் அளவு வாரியாகப் பொதுக்கட்டைதான். மனைவிக்கு மட்டும் தனியாக ஒரு ஜோடி செதுக்கி வைத்திருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவளுக்கு அளவெடுக்கும்போது, வலது காலில் நாலாவது விரலுக்குப் பின்னால், மேல்பக்கம், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. அவளுக்கே அது தெரியாது. "எலும்பு லேசாத் தூக்கியிருக்கு" என்று சொல்லிக் கட்டையில் ஒரு துண்டு ஒட்டினார். நாலு மாசம் கழித்து அதன் மேல் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் மாசமும் வருஷமும் எழுதுவது அவர் வழக்கம். ஒரு மதியம் அந்தக் கட்டையை நான் கையில் எடுத்துப் பார்த்து, "என்னய்யா, உன் வீட்டுக்காரி காலுல மலை முளைக்குது?" என்றேன். "மலை முளைச்சா என்ன, சுத்திப் பாதை போட நான் இருக்கேன்" என்றார். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மழை விடாமல் பிடித்திருந்த ஒரு வாரத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு டாக்ஸி எங்கள் கடை வாசலில் நின்றது. ஜவுளிக்கடைப் பெண்கள் இருவர் அவளைத் தாங்கி இறக்கினார்கள். மேல் தட்டிலிருந்து திரைச்சீலைத் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கியிருக்கிறாள். கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்ததும் உள்ளே ஏதோ நொறுங்கின மாதிரி இருந்ததாம்.

"விழவே இல்லீங்க. சும்மாத்தான் கால வச்சேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

பாதம் ஷூவைக் கழற்றவில்லை. கத்தரிக்கோலால் தையலை வெட்டிப் பிரித்தார். தான் தைத்ததைத் தானே வெட்டினதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கால் பன்னுமாதிரி ஊதியிருந்தது. அதே டாக்ஸியில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இங்கிலீஷ் ஃபாரம் நிரப்பத் தெரிந்தவன் ஒருவன் வேண்டுமே என்று நானும் ஏறிக்கொண்டேன்.

எக்ஸ்ரே பார்த்த இளைய டாக்டர் முகத்தைச் சுளித்து உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அவர் வேறொருவரை. எலும்பில் கட்டி இருக்கிறது, அதனால்தான் முறிந்தது, ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பத்து நாள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. 'அதுவா இருக்குமோ' என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அவள் கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பட்டாணி உரித்தாள், பழைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள், தைத்த பொத்தானையே அறுத்து மறுபடி தைத்தாள். பாதம் ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுப்பார். முட்டை ஒரு நாள் கல், ஒரு நாள் கஞ்சி. "நாலு நிமிசம் வைங்கன்னா நாலு வருசம் வைக்கிறீங்க" என்பாள். மழைத் தண்ணீர் ஜன்னல் விளிம்பில் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் அவள் அண்ணன் வந்தார். லாரி ஓட்டுகிறவர். வந்தவர் தங்கையைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து நின்றார். நனைந்த சட்டையோடு உட்காரவும் மாட்டேன் என்றார்.

"மூணு வருசமா அந்தக் காலை மடியில வச்சுப் பாத்திருக்கே. கட்டின்னு உனக்குத் தெரியல?"

"எலும்பு தூக்கியிருக்குன்னு நினைச்சேன் மச்சான். எத்தனையோ பேருக்கு அப்படி இருக்கும்."

"எத்தனையோ பேரும் உன் பொண்டாட்டியாய்யா?"

பாதம் குனிந்து தரையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கினார்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, டாக்டர்கிட்ட காட்டுவோம்னு தோணலியா?"

"அவளுக்கு வலிக்கல மச்சான். வலிச்சா காட்டியிருக்க மாட்டேனா?"

நான் நடுவில் புகுந்து, "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்றார். நான் என் கடைக்குப் போய் ஒரு சாவியை எடுத்து ராவ ஆரம்பித்தேன்.

பத்தாம் நாள் பெரிய டாக்டர் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயசிருக்கும். கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"இது கேன்சர் இல்ல. முதல்ல அதை மனசுல வாங்கிக்குங்க. இது வேற எங்கயும் பரவாது."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பாதம் அழுதேவிட்டார். நான் கும்பிட்டேன், யாரையென்று தெரியாமல்.

"ஆனா இருக்கிற இடத்துல எலும்பை உள்ளேயிருந்து அரிச்சு ஊத வச்சிருக்கு. சின்னதா இருக்கும்போது வந்திருந்தா, எலும்பைத் திறந்து, உள்ள இருக்கிறதைச் சுரண்டி எடுத்துட்டு, இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து ரொப்பியிருப்பேன். ரெண்டு மாசத்துல பழையபடி நடந்திருப்பீங்க. இப்ப ரொப்பறதுக்குச் சுவரே இல்ல. முட்டை ஓடு கனத்துக்குத்தான் இருக்கு. அதுவும் நொறுங்கிடுச்சு."

"அப்ப?" என்றாள் அவள்.

"நாலாவது விரலையும் அதுக்குப் பின்னால இருக்கிற நீள எலும்பையும் சேத்து எடுக்கணும். நடக்கலாம். பாதம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும்."

"பாரம் சுண்டுவிரல் பக்கம் சாயுமே டாக்டர்" என்றார் பாதம்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஷூ தைக்கிறேங்க."

"எவ்வளவு நாளா வீக்கம் இருக்கு?"

அவரைக் காட்டிக்கொடுக்காமல் அவள் ஆறு மாசம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாதம் பையிலிருந்து கட்டையை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார். கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும் என்று கொண்டுவந்திருந்தார், பாவி மனுஷன். டாக்டர் அதைத் தூக்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒட்டியிருந்த துண்டுகளை விரலால் தடவி எண்ணினார். ஒன்பது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சில் எழுத்தைப் படித்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார்.

"இருபத்தி ரெண்டு வருசமா பாக்கறேன். வளர்ந்ததை இவ்வளவு சரியா எனக்கு யாரும் காட்டினதில்ல."

பாதத்தின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. தொழிலைப் புகழ்ந்தால் யாருக்கும் அப்படித்தான்.

"இவ்வளவு பெருசாகியும் உங்களுக்கு அழுத்தலியாம்மா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"இவர் தச்ச ஷூ கடிக்காதுங்க."

டாக்டர் கட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். "கடிச்சிருந்தா முதல் வருசமே வந்திருப்பீங்க" என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பாதம் கடை திறந்தார், ஆனால் தைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூட ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பலகைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"யோவ் பூட்டு. நான் வலியைத்தானேய்யா எடுத்தேன்?"

"ஆமா."

"வலியை எடுக்கறது தப்பா?"

டீ வாங்கி வந்து வைத்தேன். அது அப்படியே ஆறிப்போய் ஆடை கட்டியது.

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் நடந்தது. வெளியே நீளப் பெஞ்சில் நானும் பாதமும் அவள் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபோது முதல் துண்டைப் பாதத்திடம்தான் நீட்டினார். பாதம் வாங்கிக்கொண்டு, கடைசிவரை தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். டாக்டர் வெளியே வந்து, சுத்தமாக எடுத்தாகிவிட்டது, மீதி நாலு விரலும் நன்றாக இருக்கின்றன என்றார். "எடுத்ததை நான் பாக்கலாமா?" என்று பாதம் கேட்டார். டாக்டர் யோசித்து, வேண்டாம் என்றார்.

மூன்றாம் நாள் நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். பாதம் சூப் வாங்கக் கீழே போயிருந்தார். அவள் காலை மூடியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் உரிக்கிற ஆரஞ்சைக் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லும்மா."

"போன மழைக்காலத்துல இருந்தே எனக்கு வலி இருந்துச்சு. ஷூ போட்டிருந்தா ஒண்ணும் இருக்காது. கழட்டினா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். அதனால வீட்டுலயும் கழட்டாமயே இருப்பேன். தரை ஜில்லுனு இருக்குன்னு சொல்லிச் சமாளிப்பேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவாரு? அய்யோ, ஷூ சரியில்லன்னு நினைச்சுக்குவாரு. சாப்பாட்டைப் பாதியில வச்சிட்டுக் கட்டையை எடுத்துக்கிட்டு உக்காந்துருவாரு. ஏற்கனவே முதுகு வலிக்குதுன்னு புலம்புற மனுசன். எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. இவ்வளவு பாத்துப் பாத்து தச்சுக் குடுக்கறவர்கிட்ட போய் வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. இவள் மேலா, அவர் மேலா என்று தெரியவில்லை. இப்படி ஒருத்தர் மேல் ஒருத்தர் உயிரை வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு விரலைக் கோட்டை விட்டுவிட்டார்களே என்றிருந்தது. ஆரஞ்சுச் சுளையை அவள் கையில் வைத்தேன். தின்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளை உட்காரவைத்து அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நின்றோம்.

"இது அதே இடத்துல திரும்ப வரக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. ரெண்டு வருசத்துக்கு மூணு மாசத்துக்கு ஒருமுறை படம் எடுப்போம். நடுவுல எங்கயாவது அழுத்தினா, குத்தினா, வலிச்சா, அன்னிக்கே வரணும். பொறுத்துக்கறது நல்ல குணம்தான். உங்க காலுக்கு அது ஆகாது."

அவள் தலையாட்டினாள்.

இரண்டு மாசம் போயிற்று. ஊன்றுகோல் போய்ச் சுவரைப் பிடித்தாள். சுவர் போய்த் தானாக நடந்தாள். நடக்கும்போது வலது தோள் லேசாகச் சாயும். ஜவுளிக்கடையில் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் போய் முதலாளியிடம் என்ன பேசினாரோ, பில் போடுகிற இடத்தில் அவளுக்கு நாற்காலி கிடைத்தது. ஆனால் கறுப்பு ஷூ வேண்டும், சட்டம் சட்டம்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வீட்டு அலமாரிப் பூட்டு சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள், போனேன். பாதம் குளித்து, தலையை வாரி, தரையில் வெள்ளைத்தாளை விரித்து, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் புதுசாகச் செதுக்கின வலது கட்டை. ராத்திரி பகலாக உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார். ஒடுங்கின பாதம், நாலு விரல், சுண்டுவிரல் பக்கம் பாரம் தாங்க லேசான சாய்வு. மரத்தில் அப்படி ஒரு நேர்த்தியை நான் பார்த்ததில்லை. ஒரு தரம் அளவைச் சரிபார்க்க வேண்டியதுதான் பாக்கி.

"காலைக் குடும்மா" என்றார்.

அவள் காலை உள்ளே இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க. எனக்குக் கடையில வாங்கிக் குடுங்க."

"கடையிலயா?" அவர் சிரித்தார், விளையாடுகிறாள் என்று நினைத்து. "கடை ஷூ உனக்கு எப்படி சேரும்? விரல் இருந்த இடம் உள்ள ஆடும். ஓரம் உரசும்."

"உரசட்டும்."

"புண்ணாகும்மா."

"ஆகட்டும். பாத்துக்கறேன்."

நான் பூட்டில் எண்ணெய் விட்டுக்கொண்டு அலமாரிக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டேன். வெளியே எடுக்கத் தைரியம் இல்லை.

"என் மேல கோவமா?" என்றார்.

"கோவமெல்லாம் இல்லீங்க."

"பின்ன ஏன்?"

"நீங்க தச்சா எனக்கு எதுவுமே தெரிய மாட்டேங்குது."

அவர் கட்டையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். விரித்த தாளை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். அது உள்ளங்கைக்குள் அடங்குகிற வரைக்கும் மடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கடைவீதிக்குப் போகும்போது, நீங்களும் வாங்கண்ணே என்று அவள்தான் கூப்பிட்டாள். இரண்டு பேராகப் போக இரண்டு பேருக்குமே தெம்பு இல்லை போலிருக்கிறது. கண்ணாடி வைத்த பெரிய ஷூக் கடை. பாதம் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார், உள்ளே விரல் விட்டுத் துழாவினார், முகத்தில் ஒன்றும் காட்டாமல் திரும்ப வைத்தார். அவள் இரண்டாவதாகப் போட்ட ஜோடியை இதுவே போதும் என்றாள். பழக்கத்தில் அவர் மண்டியிட்டு, முனையைக் கட்டைவிரலால் அழுத்தப் போனார்.

"விடுங்க" என்று சொல்லிவிட்டு அவளே குனிந்து கயிற்றைக் கட்டினாள்.

புது ஷூவோடேயே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பத்தடி போனதும் நொண்ட ஆரம்பித்தாள். மருந்துக்கடைப் பக்கம் நின்று, பக்கவாட்டில் தொட்டுப் பார்த்தாள்.

"இங்க அழுத்துது" என்றாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "டாக்டர்கிட்ட போயிருவோமா?"

"இல்லீங்க. இது ஷூ அழுத்தறது. எனக்கு வித்தியாசம் தெரியுது."

மறுபடி நடந்தாள், நொண்டிக்கொண்டே. அவள் சாயும்போதெல்லாம் அவருடைய கைகள் இரண்டும் முன்னால் நீண்டன. பிறகு அவரே அவற்றைப் பின்னுக்கு இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பஸ் வரும்வரை அப்படியே நின்றார்.